காம்பட் ஸ்ட்ரெஸ்

போரில் மனம் சிதைந்து திரும்பிய பிரிட்டிஷ் முன்னாள் படைவீரர்களுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் தொண்டு நிறுவனம். முதல் உலகப் போர் ஓய்ந்த மறு ஆண்டே, 1919இல், தொடங்கப்பட்டது. அன்றைக்கு அதன் பெயர் முன்னாள் படைவீரர் நலச் சங்கம். ‘காம்பட் ஸ்ட்ரெஸ்’ வெகு பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர். போர் தரும் மன நெருக்கடி என்று பொருள். தலைமை இல்லம் லண்டனுக்குத் தெற்கே சர்ரே வட்டாரத்தில், லெதர்ஹெட் என்ற ஊரில் இருக்கிறது.

இன்று இதை நாடி வருவோரில் பலருக்கும் உள்ள நோயை டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். தமிழில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்று எழுதுகிறோம். சங்கம் தொடங்கியபோது இப்படி ஒரு பெயரே கிடையாது. அது வர இன்னும் 61 ஆண்டுகள் இருந்தன. நூறு ஆண்டுகளில் நோயின் பெயர் நாலைந்து முறை மாறிவிட்டது. மாறாமல் தொடர்ந்தது ஒரு வழக்கு: இந்த மனிதர்களைப் பார்த்துக்கொள்வது அவர்களைப் போருக்கு அனுப்பிய அரசின் கடமையா, ஊரார் உண்டியலில் போடும் தருமமா? சங்கத்தின் வரலாறு பெரும்பகுதி அந்த வழக்கின் வரலாறுதான்.

ஷெல் ஷாக்

1915 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் சார்லஸ் மையர்ஸ் என்ற உளவியலாளர் மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதினார். மூவரும் ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு, வெடித்த இடத்துக்கு அருகே சிக்கியவர்கள். பெரிய வெளிக்காயம் கிடையாது. ஆனால் பார்வை மங்கியிருந்தது, மணமும் ருசியும் தெரியவில்லை, நினைவு தப்பியிருந்தது. இதற்கு அவர் அச்சில் ஏற்றிய பெயர் ‘ஷெல் ஷாக்’. ‘ஷெல்லடி’ என்ற சொல்லோடு வளர்ந்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொல் மையர்ஸ் உண்டாக்கியதல்ல, சிப்பாய்களிடையே புழங்கியது. ஷெல் பக்கத்தில் விழாதவர்களுக்கும் அதே நடுக்கமும் ஊமைத்தனமும் வருவதைப் பார்த்தபின், அந்தப் பெயரை அச்சேற்றியதற்காக அவரே வருந்தினார்.

ராணுவம் இதைக் கையாண்ட விதம் கவனிக்கத் தக்கது. நோயாளியின் சீட்டில் ‘ஷெல் ஷாக்’ என்பதை அடுத்து ஓர் எழுத்து போட்டார்கள். எதிரியின் குண்டால் வந்தது என்றால் ‘டபிள்யூ’, அதாவது காயம். இல்லையென்றால் ‘எஸ்’, அதாவது வெறும் நோய். டபிள்யூ கிடைத்தவர் சட்டைக் கையில் காயப்பட்டவருக்குரிய பட்டை தைத்துக்கொள்ளலாம், ஓய்வூதியமும் கேட்கலாம். எஸ் என்று விழுந்தவருக்கு இரண்டும் இல்லை. ஒரே பதுங்குகுழியில் ஒரே இரவைக் கழித்த இரண்டு பேரின் மீதி வாழ்க்கையை ஓர் எழுத்து பிரித்துவிடும். 1917இல் அதுவும் நின்றது. ‘நரம்புக் கோளாறு, இன்னும் கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் எழுதச் சொல்லி ஆணை வந்தது.

அந்தஸ்து பார்த்தும் பெயர் மாறியது. அதிகாரி என்றால் ‘நரம்புத் தளர்ச்சி’, சாதாரணச் சிப்பாய் என்றால் ‘ஹிஸ்டீரியா’. எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனை அதிகாரிகளுக்கு மட்டுமானது. சீக்ஃபிரீட் சசூன், வில்ஃப்ரெட் ஓவன் என்ற இரு கவிஞர்களும் 1917இல் அங்கே நோயாளிகளாக இருந்தார்கள். சசூனுக்கு வைத்தியம் பார்த்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், நடந்ததை அமுக்கி வைக்காமல் பேசச் சொன்னவர். ஹாரி ஃபார் என்ற சிப்பாய்க்கு அந்த யோகம் இல்லை. ஷெல் ஷாக்குக்காக மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவரை மறுபடி முன்னணிக்கு அனுப்பினார்கள். போக மறுத்ததைக் கோழைத்தனம் என்று தீர்த்து 1916 அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவிக்கு ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது. குடும்பம் விடாமல் போராடியதன் பலனாக 2006இல் அவரையும் சேர்த்து, இப்படிச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்குச் சட்டப்படி மன்னிப்பு வழங்கப்பட்டது.

சங்கம் பிறந்தது

போர் முடிந்தபோது ஷெல் ஷாக் என்று கணக்கில் ஏறியிருந்தவர்கள் சுமார் 80,000 பேர். ராணுவத்தின் மனநோய் மருத்துவமனைகளில் இருந்தவர்கள் அங்கிருந்து ஊர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்கு (அன்றைய பெயர் அதுதான்) தள்ளப்படும் நிலை. உள்ளே போனவர் வெளியே வருவது அரிது. ‘நம் பையன் போரில் செத்தான்’ என்று சொல்ல முடிந்த குடும்பம், ‘நம் பையன் அங்கே இருக்கிறான்’ என்று சொல்ல முடியாமல் தவித்தது.

சங்கத்தை 1919இல் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓய்வும் வேலையும் மரியாதையான சூழலும் கிடைத்தால் இவர்கள் தேறிவிடுவார்கள் என்பது அவர்கள் துணிபு. அன்றைய மருத்துவர்களில் பலர் அப்படி நினைக்கவில்லை. பிறவியிலேயே மனத்திடம் குறைந்தவன்தான் போரில் உடைகிறான், போர் வெறும் சாக்கு என்பது அவர்கள் கட்சி. ஓய்வூதிய அமைச்சகத்துக்கு இந்தக் கட்சி வசதியாக இருந்தது. குறை பிறவியில் என்றால் பணம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1921இல் சுமார் 65,000 பேர் நரம்புத் தளர்ச்சிக்காக ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மனநோய் விடுதிகளில் இருந்த சுமார் 6,000 முன்னாள் வீரர்களை ‘சேவை நோயாளிகள்’ என்று தனியாக வகைப்படுத்தி, செலவை அமைச்சகமே ஏற்றது. அவர்களுக்குத் தனி உடுப்பு, வாரம் இரண்டரை ஷில்லிங் கைச்செலவு. ஏழைக் கைதிபோல நடத்தவில்லை என்று காட்டும் ஏற்பாடு. ஆனால் கதவு பூட்டியே இருந்தது.

சங்கம் இந்த 6,000 பேரைத்தான் ஊர் அறியப் பேசியது. அதன் சார்பில் மிகக் கூர்மையாகக் குரல் கொடுத்தவர் சர் ஃபிரெட்ரிக் மில்னர். முன்னாள் எம்.பி., பரம்பரைப் பட்டம் உள்ளவர், காது கேளாதவர். நாடாளுமன்றத்தில் செய்ய முடியாததைச் செய்தித்தாள் கடிதங்களில் செய்தார். அமைச்சகத்துக்கு எரிச்சல். சங்கம் மிகைப்படுத்தி நன்கொடை திரட்டுகிறது, அரசின் பெயரைக் கெடுக்கிறது என்று அதிகாரிகள் குற்றம் சாட்டினார்கள். எதிராளி சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. உண்டியல் நிறைய வேண்டுமென்றால் துயரத்தைச் சற்று உரக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்டு நிறுவனங்களின் இந்தச் சங்கடம் இன்றும் தீரவில்லை.

1922இல் சவுத்பரோ பிரபு தலைமையிலான விசாரணைக் குழு, ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லையே கைவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. சொல் போனது, ஆட்கள் இருந்தார்கள்.

மின்போர்வைகள்

1920களில் சங்கம் லண்டன் பக்கம் சொந்த இல்லங்களை நடத்தத் தொடங்கியது. பட்னியில் ஒன்று, பெக்கன்ஹாமில் ஈடன் மேனர் என்று ஒன்று. இவை சாய்வு நாற்காலி போட்டுக் காற்று வாங்கும் இடங்களாக மட்டும் இருந்துவிடக் கூடாது, கைக்கு வேலை வேண்டும் என்பதில் சங்கம் பிடிவாதமாக இருந்தது. அந்தப் பிடிவாதம்தான் லெதர்ஹெட்டில் ‘தெர்மெகா’ என்ற தொழிற்சாலையாக முளைத்தது. பக்கத்திலேயே தொழிலாளர்கள் தங்க மில்னர் பெயரில் விடுதி.

தெர்மெகா செய்தது மின்போர்வை. துணிக்குள் மெல்லிய கம்பியை வளைத்து வளைத்து ஓட்டி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தைக்க வேண்டும். கம்பி மடிந்தால் போர்வை கருகிவிடும். அவசரமில்லாத, ஆனால் கவனம் சிதறக் கூடாத வேலை. வெளித் தொழிற்சாலையில் ஒருநாள் கை நடுங்கினால் சீட்டுக் கிழிந்துவிடும். இங்கே கிழியாது என்பதே ஏற்பாட்டின் சாரம். பனிக்கால அகழியில் இடுப்பளவு சேற்றில் நின்றவர்கள் ஊராருக்குக் கதகதப்பான படுக்கை தயாரித்தார்கள் என்பதை அக்காலத்துப் பத்திரிகைக்காரர்கள் கவனித்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். சம்பளம் வாங்குகிறவன் நோயாளி அல்ல, தொழிலாளி. என் கணிப்பில் சங்கம் அந்தக் காலத்தில் செய்த ஆகச் சிறந்த காரியம் இதுதான்.

இரண்டாம் போரும் நீண்ட மௌனமும்

1939இல் அடுத்த போர் வருமுன்பே அரசு முன்னெச்சரிக்கையாக இருந்தது. ஹார்டர் பிரபு தலைமையில் கூடிய மருத்துவர்கள், போர் நடக்கும்போது மனக் கோளாறுக்கு ஓய்வூதியம் கொடுத்தால் நோயும் பெருகும் என்று ஆலோசனை சொன்னார்கள். விமானப் படையில் பறக்க முடியாமல் போனவர்களுக்கு ‘மன உரம் இல்லாதவர்’ என்று பொருள்படும் முத்திரை குத்தினார்கள். போர் முடிந்து 1946இல் லெதர்ஹெட்டில் டிரிட் ஹவுஸ் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் பெயர் வாங்கிய கடற்படைத் தளபதி ரெஜினால்ட் டிரிட்டின் பெயர் அதற்கு.

அடுத்த முப்பது ஆண்டுகளில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானியரிடம் சிறைப்பட்டு மீண்டவர்கள், கொரியாவிலிருந்து வந்தவர்கள் என்று ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் தங்குவது, பேசுவது, ஊர் திரும்புவது, அடுத்த ஆண்டு மறுபடி வருவது என்பதே நடைமுறை. சங்கத்தின் பெயரில் ‘மனநல’ என்ற சொல் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் ஏர் நகருக்கு அருகே ஹாலிபுஷ் ஹவுஸ், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஆட்லி கோர்ட் என்று பின்னாளில் இன்னும் இரண்டு இல்லங்கள் சேர்ந்தன.

பெயர் வந்தபின்

நோய்க்கு நிலையான பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களும் அவர்கள் பக்கம் நின்ற மருத்துவர்களும் போராடியதன் விளைவாக, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. ஏறியது. காரணம் ஆளின் பிறவிக் குறையில் இல்லை, அவர் கண்ட நிகழ்ச்சியில் இருக்கிறது என்று ஏடு ஒப்புக்கொண்டது. 1919இல் அந்தப் பெண்கள் சொன்னதற்கு ஏறக்குறைய இது அத்தாட்சி. இரண்டே ஆண்டில் பிரிட்டனுக்கு ஃபாக்லாந்து போர். வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் படை நின்றது 1969 முதல் 2007 வரை, 38 ஆண்டுகள். பிறகு வளைகுடா, போஸ்னியா, இராக், ஆப்கானிஸ்தான்.

வழக்கு இம்முறை நிஜ நீதிமன்றத்துக்கே போனது. பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் பாதுகாப்பு அமைச்சகம் தவறிவிட்டது என்று சுமார் 2,000 முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில், 2003இல் லண்டன் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் அமைச்சகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. கடமை என்று நிரூபிக்க முடியாதது தருமத்தின் கணக்கில் விழுந்தது. 2010இல் அன்றைய இளவரசர் சார்ல்ஸ் சங்கத்துக்காகத் தொடங்கி வைத்த நிதி திரட்டலில் 3 கோடி பவுண்டு இலக்கு வைத்தார்கள்.

சிகிச்சையும் மாறியது. ஓய்வு எடுத்துப் போகும் பழைய முறையை விட்டு, 2011இல் ஆறு வாரத் தீவிர உள்தங்கு சிகிச்சை வந்தது. பணம் அரசு சுகாதாரத் துறை கொடுத்தது. நிகழ்ச்சியை நினைவில் மீண்டும் கொண்டுவந்து, அதைச் சுற்றிய குற்ற உணர்வையும் அச்சத்தையும் உளவியலாளரோடு உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது இதன் உயிர்நாடி. வாய் திறக்க முடியாதவர்களுக்கு ஓவியம்: ஒரு சொல்லைக் கொடுத்து அமைதியாக வரையவிட்டு, பிறகு குழுவாக அதைப் பற்றிப் பேசுவார்கள். இச்சிகிச்சை பெற்ற 246 பேரைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து 87 சதவீதத்தினருக்கு நோய்க்குறிகள் குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு ஒன்று அதில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லா வீரருக்கும் இந்த நோய் என்ற எண்ணம் தவறு. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, இராக், ஆப்கானிஸ்தான் காலத்துப் படையினரில் பி.டி.எஸ்.டி. உள்ளவர்கள் 6 சதவீதம். நேரடிப் போரில் ஈடுபட்டு, பணியையும் விட்டு வந்தவர்களிடம் மட்டும் அது 17 சதவீதம். சீருடையைக் கழற்றியபின், உடன் போரிட்டவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. உதவி கேட்டு வரப் பலருக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அதற்குள் மணமுறிவு, குடி, வேலையிழப்பு எல்லாம் நடந்து முடிந்திருக்கும். 24 மணி நேரத் தொலைபேசி உதவியில் மனைவியும் பிள்ளைகளும் பேசலாம் என்று வைத்திருப்பது அதனால்தான்.

2020

அரசு ஒப்பந்தப் பணத்தை நம்பி வளர்ந்ததன் ஆபத்து 2020 ஜனவரியில் வெளிப்பட்டது. அரசு நிதி குறைந்ததால் ஆண்டு வருமானம் சுமார் 1.6 கோடி பவுண்டிலிருந்து 1 கோடியாகச் சரிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ள முடியாது என்று நிறுவனம் அறிவித்தது. நூறாண்டு விழா கொண்டாடிய கையோடு கதவில் பலகை. அரசு தரப்பு சொன்னது, முன்னாள் வீரர்களுக்குத் தன் சொந்த மனநலச் சேவைகள் இருக்கின்றன என்று. அந்தச் சேவைகள் 2021இல் ‘ஆப் கரேஜ்’ என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன. கடமையை அரசு ஏற்றுக்கொள்ளத்தானே 1919 முதல் சங்கம் கேட்டது என்று ஒருவர் வாதிடலாம். சிகிச்சையில் சேரக் காத்து நின்றவருக்கு அந்த வாதம் உதவாது. கொரோனா வந்தபோது நிறுவனம் இணையவழிச் சிகிச்சைக்கு மாறிச் சமாளித்தது. ஆட்லி கோர்ட் மூடப்பட்டது. டிரிட் ஹவுஸும் ஹாலிபுஷ்ஷும் தப்பின.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 5 பிரிட்டனில் பட்டாசு இரவு. கை ஃபாக்ஸ் நாடாளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்க முயன்றதன் நினைவு. நம் தீபாவளி போல ஊரே வெடிக்கும். அதற்கு முன்பே காம்பட் ஸ்ட்ரெஸ் பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறது: பக்கத்து வீட்டில் முன்னாள் வீரர் இருந்தால், எத்தனை மணிக்கு வெடிக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சத்தத்தைவிட, அது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குச் சிரமம். வீரர்களுக்கும் யோசனைகள் உண்டு: காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம், ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிடலாம்.