எச்சரிக்கை வந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை

வரலாற்றுப் பாடம் நடத்திய வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பதிவு கொஞ்சம் நீளம்தான். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

உங்களில் பலர் கணினிப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறீர்கள். ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் கணினிகளை இங்கே உட்கார்ந்து கண்காணிப்பதும், சந்தேகப்படும்படி ஏதாவது தென்பட்டால் அந்த நிறுவனத்துக்கு எச்சரிக்கை அனுப்புவதும் உங்கள் வேலை. அண்மையில் ஒரு மாணவி போனில் கேட்டாள்: "ராத்திரி பூரா அலர்ட் அனுப்பிக்கிட்டே இருக்கோம் சார். அந்தப் பக்கம் யாராவது பார்க்கிறாங்களான்னே தெரியல. அனுப்பினதோட எங்க வேலை முடிஞ்சுடுதா?"

இந்தக் கேள்வி கணினிக்கு முந்தையது. இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதல் சம்பவம் 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹவாயின் ஓவாஹு தீவில், வடமுனையில் உள்ள ஓப்பானா என்ற இடத்தில் அமெரிக்க ராணுவத்தின் நடமாடும் ரேடார் ஒன்று இருந்தது. ஜோசப் லாக்கார்ட், ஜார்ஜ் எலியட் என்ற இரண்டு சிப்பாய்களுக்கு அங்கே காலை 4 மணியிலிருந்து 7 மணிவரை பணி. பணி முடிந்தும், சாப்பாட்டுக்கு அழைத்துப்போக வண்டி வராததால், பழகிக்கொள்ளலாம் என்று கருவியை ஓடவிட்டார்கள். 7 மணி 2 நிமிடத்துக்குத் திரையில் ஒரு பெரிய அடையாளம் தெரிந்தது. வடக்கே சுமார் 130 மைல் தொலைவில் ஏராளமான விமானங்கள் வந்துகொண்டிருந்தன. உடனே ஷாஃப்டர் கோட்டையில் இருந்த தகவல் மையத்துக்குப் போன் செய்தார்கள்.

மையத்தில் இருந்தவர்கள் 7 மணிக்கே காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியிருந்தவர்கள் தொலைபேசி இணைப்பாளரும், கெர்மிட் டைலர் என்ற இளம் லெப்டினன்டும்தான். அந்தப் பணியில் டைலருக்கு அது இரண்டாவது நாள். கலிபோர்னியாவிலிருந்து அன்று காலை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வரவிருப்பதாக அவர் நினைத்தார். திரையில் தெரிவது அவையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரேடாரில் இருந்தவர்கள் விமானங்கள் எத்தனை இருக்கும் என்று சொல்லவில்லை. தாம் ஏன் கவலைப்படவில்லை என்று அவரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அமெரிக்கத் தரப்பில் 2,403 பேர் இறந்தார்கள்.

அன்றைக்கு இன்னொரு எச்சரிக்கையும் வந்துகொண்டிருந்தது. வாஷிங்டனில் ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் ஹவாய்க்கு ஒரு செய்தி அனுப்பினார். வானிலைக் கோளாறால் ராணுவ ரேடியோ இணைப்பு கிடைக்கவில்லை. அதனால் சாதாரண வணிகத் தந்தியாகப் போனது. ஹொனலூலுவுக்கு அது காலை 7.33க்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் உறையின்மேல் 'அவசரம்' என்ற குறிப்பு எதுவும் இல்லை. மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் கொண்டுபோய்க் கொடுத்தபோது மணி 11.45. தாக்குதல் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

பிற்பாடு விசாரித்தவர்கள் டைலரைத் தண்டிக்கவில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் அங்கே உட்காரவைக்கப்பட்டவர் என்பது தெரிந்துவிட்டது. 1962இல் ரோபர்ட்டா வோல்ஸ்டெட்டர் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். எச்சரிக்கைகள் போதாமல் அமெரிக்கா ஏமாறவில்லை, பொருளற்ற தகவல்களின் இரைச்சலுக்கு நடுவே உண்மையான எச்சரிக்கையைப் பிரித்தறிய முடியாமல்தான் ஏமாந்தது என்பது அவர் வாதம். நடந்து முடிந்த பிறகு எல்லாம் பளிச்சென்று தெரியும். நடக்கிறபோது அது நூற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

இரண்டாவது சம்பவம் நம் பக்கத்து ஊர் சம்பந்தப்பட்டது. 2013 நவம்பரில் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனத்தின் கணினி வலையமைப்புக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். குளிர்சாதன வேலை பார்க்கும் ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைத் திருடி, அதன் வழியாக வந்தார்கள். பில் போடும் இயந்திரங்களில் ஒரு கள்ள நிரலைப் புகுத்தி, தேய்க்கப்படும் ஒவ்வொரு கார்டின் விவரத்தையும் களவாடினார்கள். நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையை ஒட்டி, அமெரிக்கக் கடைகளில் ஆண்டின் உச்சக் கூட்டம் இருக்கும் நேரம் அது.

இப்படி நடந்தால் கண்டுபிடிக்கவென்றே அந்த நிறுவனம் 16 லட்சம் டாலர் செலவில் ஃபயர்ஐ என்ற கருவியை வாங்கி வைத்திருந்தது. அதைப் பெங்களூரில் ஒரு குழு இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தது. நவம்பர் 30 அன்று கருவி எச்சரித்தது. பெங்களூர்க் குழு அதைத் தலைமையகமான மினியாபொலிஸுக்குத் தெரிவித்தது. டிசம்பர் 2 அன்று மறுபடியும் எச்சரிக்கை வந்தது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. எச்சரிக்கையில் இருந்த பெயர் 'மால்வேர்.பைனரி'. ஏதோ ஒரு கெட்ட நிரல் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. அவசரம் என்று எழுதாத அந்தத் தந்தி உறை இங்கே நினைவுக்கு வருகிறதா? கள்ள நிரலைத் தானாகவே அழிக்கும் வசதியும் அந்தக் கருவியில் இருந்தது. மனிதர் பார்த்து முடிவெடுக்கட்டும் என்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். அது தவறான எண்ணமில்லை. முடிவெடுக்க வேண்டிய மனிதர் எடுக்கவில்லை என்பதுதான் குறை.

டிசம்பர் 12 அன்று அமெரிக்க நீதித்துறை கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் நிறுவனம் விழித்தது. அதற்குள் 4 கோடி கார்டுகளின் விவரம் போய்விட்டது. 7 கோடிப் பேரின் பெயர், முகவரி போன்ற விவரங்களும் போனது அடுத்த மாதம் தெரிந்தது. எச்சரிக்கையைப் பரிசீலித்தோம், உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்தோம் என்று நிறுவனம் பிறகு விளக்கம் சொன்னது. 2014 மே மாதம் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2017இல் 47 மாநிலங்களுக்கும் தலைநகர் வட்டாரத்துக்கும் சேர்த்து 1.85 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் நான் முக்கியமாக நினைப்பது வேறு. இவ்வளவு பெரிய நிறுவனத்தில் தகவல் பாதுகாப்புக்கென்றே தனித் தலைமை அதிகாரி அதுவரை இல்லை. 2014 ஜூனில்தான் முதன்முறையாக ஒருவரை நியமித்தார்கள். கருவி இருந்தது, கண்காணிக்க ஆள் இருந்தது. பொறுப்பு யார் தலையில் என்பதுதான் தெளிவாக இல்லை.

எனவே அந்த மாணவியின் கேள்விக்கு என் பதில்: இல்லை, அனுப்பியதோடு முடியவில்லை. எதிர்ப்பக்கம் ஒருவர் "நான் பார்க்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் முடிகிறது. அனுப்புகிறவர்கள் "சந்தேகம்" என்று மட்டும் எழுதக்கூடாது. எந்த இயந்திரம், எப்போதிலிருந்து, எத்தனை, ஏன் இது வழக்கமானது இல்லை என்று நான்கு வரி எழுத வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும், முக்கியமாக விடுமுறை நாட்களுக்கு. திருடனுக்கு நம் பண்டிகைக் காலண்டர் நன்றாகத் தெரியும்.

வாங்குகிறவர்களுக்கும் கடமை உண்டு. ஒன்றுமில்லை என்று ஓர் எச்சரிக்கையை மூடினால், ஏன் மூடினோம் என்று எழுதி, அனுப்பியவருக்கும் சொல்ல வேண்டும். டைலர் காரணத்தைச் சொல்லியிருந்தால், அந்தச் சிப்பாய்கள் "அதற்கு இது ரொம்பப் பெரிய கூட்டமாச்சே" என்று சொல்லியிருக்கக்கூடும். தினமும் வீணாகக் கத்தும் எச்சரிக்கைகளைச் சரிசெய்ய நேரம் ஒதுக்க வேண்டும். "புலி வருது" கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் இதற்குச் சட்டமும் வந்துவிட்டது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, கணினித் தாக்குதலைத் தாமே கண்டுபிடித்தாலும் பிறர் சொல்லித் தெரிந்தாலும் நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 'பிறர் சொல்லி' என்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வந்த எச்சரிக்கை என்று ஒதுக்கிவைக்க இனி வழியில்லை.

கணினி வேலையில் இல்லாத சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கணக்கிலிருந்து பணம் போனால் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியும் இப்படி வெளியிலிருந்து வரும் எச்சரிக்கைதான். சாயங்காலம் பையன் வந்து பார்ப்பான் என்று வைத்துவிடாதீர்கள். நீங்கள் செய்யாத செலவு என்றால் உடனே வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு நஷ்டம் இல்லை என்பது 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ஆனால் குறுஞ்செய்திக்குள் இருக்கும் எண்ணை மட்டும் கூப்பிடாதீர்கள். அந்தச் செய்தியே திருடன் அனுப்பியதாக இருக்கலாம். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். அதை இன்றே ஒரு தாளில் பெரிதாக எழுதி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.