கடன் கணக்கு யார் கையில் இருந்தது?

“அவர்ர பேர் கிறிப்பில விழுந்திட்டாம்.” பொலிஸ் புத்தகத்தில் பேர் விழுந்த மாதிரித்தான் நம்மூரில் இதைச் சொல்கிறோம். அந்த மனிசனும் வெட்கத்தில் வங்கிப் பக்கமே போகாமல் நாள்வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்ற கணக்கை யாரோ ஒருவர் எப்போதும் வைத்திருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் கொழும்பிலிருந்த பிரித்தானிய வங்கிகள் உள்ளூர் ஆட்களுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. வங்கி செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் கூடுதல் வட்டிக்கு நம்மவர்களுக்குக் கொடுப்பார். வங்கியிலிருந்த சிறாப்பர் யாரை நம்பலாம் என்று சொல்கிறாரோ அதுதான் முடிவு. அவர் என்ன சொன்னார் என்று கடன் கேட்டவருக்குத் தெரியாது, மறுத்துப் பேசவும் வழியில்லை. 1925 நெருக்கடியில் வங்கிகள் செட்டியார்களுக்கான கடனை இறுக்கின. அவர்களும் வெளியே நின்ற பணத்தை இழுத்தெடுக்கத் தொடங்கினார்கள். பிறகு 1934 இல் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு வந்தது, 1939 இல் இலங்கை வங்கி திறந்தது.

சட்டம் அதற்கு முன்பே கொஞ்சம் விழித்திருந்தது. 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம், வட்டித் தொழில் செய்பவர் ஒழுங்காகக் கணக்கு வைக்க வேண்டும் என்றது. புரோநோட்டில் உண்மையாகக் கைக்கு வந்த தொகை, முன்கூட்டிக் கழித்த தொகை, வட்டி வீதம் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. நூறு வருசம் தாண்டியும் நம்மவர்கள் வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்துக் கொடுக்கிறார்கள்! குர்ஆனின் மிக நீளமான ஆயத்தே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். அதில் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். கொடுத்தவர் அல்ல. வெற்றுத் தாள் அதற்கு நேர்எதிர்.

அடுத்தது காணி. வட்டி என்ற பேரே வராமல், “இத்தனை வருசத்தில் காசைத் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்” என்று நிபந்தனை போட்டுக் காணியை எழுதி வாங்குவது பழைய பழக்கம். தவணை தப்பினால் காணி போய்விடும். இப்படிப் போன காணிகளுக்காகத்தான் 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கடன் இணக்கச் சபை வந்தது. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, தவணை பிரித்து, இணக்கம் செய்து வைக்கும். சபை இன்றும் இருக்கிறது. ஆனால் திருப்பி வாங்கும் தவணை முடியும் முன்பே மனுக் கொடுக்க வேண்டும். பலர் முடிந்த பிறகுதான் லோயரைத் தேடுகிறார்கள்.

கிறிப், அதாவது கொடுகடன் தகவல் பணியகம், 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தெற்காசியாவில் முதலாவது. அது கறுப்புப் பட்டியல் இல்லை. ஒழுங்காகக் கட்டியதும் அதில் இருக்கும், கட்டத் தவறியதும் இருக்கும். கடன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் முடிவு. பிணை நின்றவர்களே, நீங்கள் நின்ற கடனும் அதில் வரும்.

சிறாப்பர் காலத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுண்டு. இந்த அறிக்கையை அடையாள அட்டையோடு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி நாமே எடுத்துப் பார்க்கலாம். பிழை இருந்தால் முறைப்பாடு செய்யலாம். தரவைத் தந்த நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். ஆகவே “காசு தந்தால் கிறிப்பைக் கிளியர் பண்ணித் தாறன்” என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் இருந்தன. குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் கடன் மட்டுமில்லை, பக்கத்து வீட்டு உறவும் முறிந்தது. அந்தக் காயம் இன்னும் நம் ஒழுங்கைகளில் இருக்கிறது.

கடனைக் கட்டி முடித்தவர்கள் அதற்கான கடிதத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். முச்சக்கரவண்டி லீசிங் என்றால் பதிவுப் புத்தகத்திலிருந்து கம்பனியின் பேரும் நீங்க வேண்டும். அறிக்கை எடுத்தும் விளங்காதவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டு வாருங்கள், இருந்து சேர்ந்து வாசிப்போம். பேர் ஊர் ஒன்றும் வெளியில் போகாது.