வாவிக்கரையில் ஒரு பாடசாலை முகாமையாளர்

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர் நோக்கிச் செல்வோர் வழியிற் காணும் வாவிக்கரையூர் தன்னாமுனை. கத்தோலிக்கர் வாழும் இவ்வூரிற் பாடசாலையும் புனித சூசையப்பரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. மட்டக்களப்பின் கல்வி வரலாறு பெரிதும் இத்தகைய பெயர்களால் எழுதப்பட்டதாகும். 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த குருவான வில்லியம் ஓல்ட் பாதிரியார் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். திருகோணமலை மறைமாவட்டம் 1895இல் இயேசு சபையாரின் பொறுப்பில் வந்தபின் கத்தோலிக்கப் பாடசாலைகளும் வலுப்பெற்றன. சைவப் பிள்ளைகள் கல்வியின் பொருட்டு இவற்றையே பெரும்பாலும் நாடவேண்டியிருந்தது. பின்னாளில் விபுலாநந்த அடிகளான காரைதீவு மயில்வாகனனாரும் புனித மிக்கேல் கல்லூரியின் மாணவரே.

1924இல் துறவு பூண்ட அடிகளார் அடுத்த ஆண்டு ஈழம் திரும்பி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் முகாமையாளரானார். யாழ்நூலின் ஆசிரியராக அவரைப் போற்றும் நாம் இப்பதவியை ஒரு வரியிற் கூறிக் கடந்து விடுகின்றோம். அது நியாயமன்று.

அக்காலத்து உதவி நன்கொடைப் பாடசாலையில் முகாமையாளரே யாவும். ஆசிரியரை நியமித்தலும் இடமாற்றுதலும் அவர் கையில் இருந்தன. ஆசிரியர் சம்பளத்தின் பொருட்டு அரசாங்கம் நன்கொடை வழங்கிற்று. ஆனால் காணி, கட்டடம், தளபாடம் ஆகியவற்றை முகாமையே தேடவேண்டும். வித்தியாதரிசி வந்து வரவு இடாப்பையும் மாணவர் தேர்ச்சியையும் பார்வையிடுவார். அவரது அறிக்கை பாதகமாயின் நன்கொடைக்கே இடையூறு நேரலாம். எனவே பாடசாலைகள் பெருகப் பெருக முகாமையாளரின் கடனும் கவலையும் உடன் பெருகின. மடத்திலே தியானத்தில் அமரவேண்டிய துறவி கணக்கேட்டின் முன் அமரவேண்டியதாயிற்று. தொண்டென்பது சிலவேளை இத்துணை வறண்ட உருவையும் எடுக்கின்றது.

திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் பொறுப்பில் வந்தது. அதன் அதிபராகவும் கடமையாற்றினார். 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. தமக்குத் துறவளித்த சுவாமி சிவானந்தரின் பெயரை அதற்குச் சூட்டினார். வாவியின் குறுக்கே கல்லடிப் பாலம் அமைந்த காலத்தை அடுத்து, நகருக்கு எதிர்க்கரையில் அது தோன்றியமை கவனிக்கற்பாலது. பெற்ற பிள்ளையைத் தோணியில் அனுப்பத் தயங்கிய தாய்மாருக்கு அப்பாலம் செய்த உதவி சிறிதன்று.

1931இல் அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றார். பாடசாலைப் பணிக்கு இது இழப்பே என்று கூறுவதில் தவறில்லை. எனினும் அங்கும் திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என்பதை நோக்குமிடத்து, முகாமையாளரை விட்டகன்ற ஆசிரியர் தம்மை விட்டு அகலவில்லை எனலாம்.

இம்முறையிற் குறையில்லாமலில்லை. ஆசிரியரின் வாழ்வு ஒருவரது விருப்பு வெறுப்பிற்கு உட்பட்டிருந்தது. ஒரே ஊரிற் சமயத்துக்கொன்றாகப் பாடசாலைகள் எழுந்து பிள்ளைகளைப் பிரித்ததுமுண்டு. அடிகளாரின் பாடசாலைகளும் இப்போட்டியின் விளைவே என்பதை மறைத்தல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று.

அடிகளார் 1947இல் மறைந்தார். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உதவி நன்கொடைப் பாடசாலைகளின் முகாமை கல்விப் பணிப்பாளரைச் சேர்ந்தது; மறு ஆண்டின் சட்டம் அவற்றின் காணியையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்க வழி செய்தது. மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றபோது, சிவானந்தரின் பெயரும் சூசையப்பரின் பெயரும் பலகைகளில் அவ்வாறே எஞ்சின.