இரண்டு சேந்தமங்கலங்களும் ஒரு தேடுபெட்டியும்

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவர் ஒருவர் தம் ஊர் வரலாறு குறித்த ஒப்படைவைக் கொண்டுவந்தார். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில்தான் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராச சோழனைச் சிறைவைத்தான் என்று பெருமிதம் பொங்க எழுதியிருந்தார். சோழன் சிறைப்பட்டதும், போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனின் தண்டநாயகர்கள் வந்து அவனை மீட்டதும் உண்மை. 1231ஆம் ஆண்டையொட்டிய அந்நிகழ்ச்சியைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் அந்தச் சேந்தமங்கலம் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கெடிலக்கரையில் இருப்பது. நம்முடையது நாமக்கல் மாவட்டத்தது. "இணையத்தில் தேடினேன் ஐயா, இதுதான் முதலில் வந்தது" என்றார்.

கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. தேடுதல் என்பதே நம் மொழியில் மெல்ல மெல்லக் கற்கப்பட்ட கலைதான். நிகண்டுக் காலத்தில் ஒரு சொல்லைக் காண வேண்டுமானால், அது தெய்வப்பெயர்த் தொகுதியிலா விலங்கின்பெயர்த் தொகுதியிலா என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நூற்பாவும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அறிந்தவனே தேட முடியும் என்ற நிலை அது. 1594இல் ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையைக் கைக்கொண்டார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அம்முறையை விரிவாக்கியது. அறியாதவனுக்கும் கதவு திறந்தது அப்போதுதான்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உலாவி மையங்களில் உட்கார்ந்த எங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் மூடியே கிடந்தது. திஸ்கி, தாப், தாம் எனக் குறியாக்கங்கள் பல. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு தரப்படுத்த முயன்றும் குழப்பம் உடனே தீரவில்லை. தமிழ்ப் பக்கம் இருக்கும், தேடினால் கிட்டாது. எனவே ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில், நான்கைந்து விதமாக மாற்றி மாற்றி அடிப்போம். ஒரு விதத்துக்குக் கேரளத்துச் சேந்தமங்கலம் வந்து நிற்கும்! ஒருங்குறி பரவிய பின் தமிழிலேயே தேட முடிந்தது. அப்போது அத்துச்சாரியை குறுக்கே வந்தது. ஒரு பக்கத்துக்குள் 'சேந்தமங்கலம்' என்று தேடினால் 'சேந்தமங்கலத்தில்' அகப்படாது. 'சேந்தமங்கல' என்று நிறுத்த வேண்டும். நன்னூலை வகுப்பில் கொட்டாவியுடன் கேட்டவர்களும் இதை மட்டும் உடனே புரிந்துகொண்டார்கள்.

2017இல் கூகுளின் குரல்வழித் தேடலுக்குள் தமிழும் வந்தது. எங்கள் தெருவில் கிழங்கு பயிரிடும் அண்ணன் ஒருவர் கைபேசியிடம் முதலில் "குச்சிக்கிழங்குல பூச்சி" என்றுதான் கேட்டார். சரியான விடை வரவில்லை. இப்போது "மரவள்ளி மாவுப்பூச்சி கட்டுப்பாடு" என்கிறார், வேளாண் அலுவலரைப் போல. அவர் தேர்ச்சியை வியக்கிறேன். ஆனால் 'குச்சிக்கிழங்கு' அவர் வாயிலிருந்து நழுவுவது எனக்கு உறுத்துகிறது. இயந்திரத்துக்குப் புரியும் சொல்லை நாம் கற்கிறோம், நம் சொல்லை அது கற்பதற்குள்.

அந்த மாணவர் மூன்று நாள் கழித்து மீண்டும் வந்தார். ஊர்ப்பெயரோடு 'நாமக்கல்' சேர்த்து, கோப்பெருஞ்சிங்கன் பெயருக்கு முன் கழித்தல் குறியும் இட்டுத் தேடியிருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்ததன்று. காடவர்கோன் விலகியதும் ஊர் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டதாம். வல்வில் ஓரியும் கொல்லிமலைப் பேருந்து நேரமுமே எஞ்சின. ஒரு முதியவர் வீட்டில் பழைய பத்திரங்கள் உள்ள பெட்டி இருக்கிறதென்றும், ஞாயிறன்று திறந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் கூறிவிட்டு, ஒப்படைவுக்கு ஒரு வாரம் தவணை கேட்டார்.