மழலையர் கல்வியில் நீர்: குளிப்பாட்டுதல் முதல் வினவுதல் வரை (1890–1945)

ஆய்வுச் சுருக்கம்

நீரை ஊற்றுதல், அளத்தல், பொருள்களை மிதக்கவிடுதல் போன்ற செயல்பாடுகள் இன்று மழலையர் கல்வியின் இயல்பான கூறுகளாக ஏற்கப்பட்டுள்ளன. நீர் எவ்வாறு கற்றற்பொருளாயிற்று என்பதை இங்கிலாந்து, இத்தாலி, சுவிட்சர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளில் நிகழ்ந்த கல்வி முயற்சிகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தொடக்கத்தில் ஏழைக் குழந்தைக்கு நீர் தூய்மைக்குரிய பொருளாகவும், வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு அறிவுத்தேடலுக்குரிய பொருளாகவும் அமைந்தது என்பதும், இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பாலத்தை மாண்டிசோரியின் முறை அமைத்தது என்பதும் கட்டுரையின் மையக் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: மழலையர் கல்வி, நீர், மாண்டிசோரி, சூசன் ஐசக்ஸ், பியாஜே, பால்வாடி

முன்னுரை

மழலையர் கல்வியின் முன்னோடியான ஃபுரோபெல், 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் தம் பணியைத் தொடங்கினார். அவர் வகுத்த ‘பரிசுகள்’ எனும் கற்றற்பொருள்களில் கம்பளிப் பந்துகளும் மரத்தாலான உருளை, கனசதுரம் முதலியனவும் இடம்பெற்றன, நீர் இடம்பெறவில்லை. குறிப்பிட்ட வடிவமும் எண்ணிக்கையும் உடைய பொருள்களின் வழியே குழந்தை உலகின் ஒழுங்கை உணரும் என்பது அவர் கொள்கை. நீருக்கோ தனக்கெனத் தனி வடிவம் இல்லை. எனவே அது தோட்டத்துப் பாத்திகளுக்குப் பாய்ச்சுவதற்கு உரியதாக மட்டுமே இருந்தது. அத்தகைய நீர் அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் குழந்தையின் சிந்தனையை அறியும் கருவியாக மாறியது. இம்மாற்றம் நேர்கோட்டில் நிகழவில்லை. எந்தக் குழந்தையின் கையில் எந்த நோக்கத்திற்காக நீர் தரப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் பொருளும் வேறுபட்டது.

தூய்மைக்குரிய நீர்

1894இல் பிராட்ஃபோர்டு நகரப் பள்ளி வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மார்கரெட் மெக்மில்லன், தொழிலாளர் குடும்பத்துக் குழந்தைகளின் உடல்நிலையைக் கல்விச் சிக்கலாகவே கண்டார். பசியோடும் அழுக்கோடும் நோயோடும் அமர்ந்திருக்கும் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பது அவருடைய வாதம். அவ்வாதத்தின் விளைவாகப் பள்ளிக்குள் குளியலறைகள் அமைக்கும் முயற்சி 1890களின் பிற்பகுதியில் அந்நகரில் தொடங்கியது. பின்னர் அவரும் அவருடைய தமக்கை ரேச்சலும் இலண்டனின் டெப்ஃபோர்டு பகுதியில் 1914இல் திறந்தவெளி மழலையர் பள்ளியை நிறுவினர். தோட்டம், காற்று, சத்துணவு, உறக்கம் ஆகியவற்றோடு குளியலும் அப்பள்ளியின் அன்றாட நிகழ்வாயிற்று.

இங்கு நீர் குழந்தையின் உடலைக் காத்தது. நோயும் குழந்தை இறப்பும் மிகுந்திருந்த அக்காலத்தில் இதனைச் சிறு பணி எனக் கொள்வதற்கில்லை. எனினும் நீரைக் கையாண்டவர் பெரியவரே. குழந்தை அதனைப் பெற்றுக்கொள்ளும் நிலையிலேயே இருந்தது.

ஒழுங்கிற்குரிய நீர்

உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 1907 ஜனவரி 6 அன்று மரியா மாண்டிசோரியின் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. அது ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த அடுக்குக் கட்டடத்திற்குள்ளேயே அமைந்தது. குளிக்காமலோ அழுக்கு ஆடையுடனோ வரும் குழந்தைகள் இல்லத்திலிருந்து நீக்கப்படுவர் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அவ்வகையில் இவ்வில்லத்திலும் தூய்மையே கல்விக்கான நுழைவுத் தகுதியாக இருந்தது. வீட்டில் நீர்வசதி குறைந்த குடும்பங்களுக்கு இத்தகுதி எளிதன்று என்பதும் கருதத்தக்கது.

ஆனால் இல்லத்திற்குள் நிலைமை மாறியது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் கைகழுவும் மேசை அமைக்கப்பட்டது. பக்கத்தட்டுகளில் சோப்பும் தூரிகைகளும் துண்டும் வைக்கப்பட்டன. குழந்தை தன்னைத் தானே கழுவிக்கொள்ளக் கற்றது. 1909இல் வெளிவந்த மாண்டிசோரியின் முதல் கல்வி நூல் இவ்வேற்பாட்டை விவரிக்கிறது. அவர் மரபில் வளர்ந்த ‘நடைமுறை வாழ்க்கைப் பயிற்சிகள்’ இதனை மேலும் விரித்தன. ஒரு சிறு கூசாவிலிருந்து மற்றொன்றுக்கு நீர் ஊற்றுதல், மேசை கழுவுதல், செடிக்கு நீர் விடுதல் ஆகியவை வரிசைமுறைப்படி கற்பிக்கப்பட்டன. சிந்திய நீரே குழந்தைக்கு அதன் தவற்றைக் காட்டியது. ஆசிரியர் கண்டிக்க வேண்டிய தேவை எழவில்லை. சிந்தியதைத் துடைப்பதும் பயிற்சியின் பகுதியாயிற்று.

இதனால், ஏழைக் குழந்தையின் தூய்மைக்கென வந்த நீர், அதே குழந்தையின் கைத்திறனுக்கும் கவனத்திற்கும் தன்மதிப்பிற்கும் உரிய கற்றற்பொருளாயிற்று. ஆயினும் பயிற்சியின் வரிசையும் முடிவும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. நீரைக் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று குழந்தை வினவுவதற்கு அப்பயிற்சிக்குள் இடம் குறைவு.

வினவுதற்குரிய நீர்

அவ்விடத்தைக் கேம்பிரிட்ஜில் 1924இல் தொடங்கப்பட்ட மால்டிங் ஹவுஸ் பள்ளி அளித்தது. ஜெஃப்ரி பைக் நிறுவிய இப்பள்ளியைச் சூசன் ஐசக்ஸ் 1927 வரை நடத்தினார். தோட்டத்து மணற்குழியும் நீர்க்குழாயும் குழந்தைகளின் விருப்பத்திற்கு விடப்பட்டன. பனிக்கட்டி ஏன் உருகுகிறது, எது மிதக்கும், நீர் எங்கே செல்கிறது என்பன போன்ற வினாக்களைக் குழந்தைகளே எழுப்பினர். விடை கூறுவதற்கு முன் ‘கண்டறிவோம்’ என்று அழைப்பதே ஆசிரியர் பணியாக இருந்தது. குழந்தைகளின் பேச்சும் செயலும் நாள்தோறும் பதிவு செய்யப்பட்டு, 1930இலும் 1933இலும் ஐசக்ஸின் இரு நூல்களாக வெளிவந்தன.

ழான் பியாஜே 1927இல் இப்பள்ளியைப் பார்வையிட்டார். பின்னர் அவர் அலீனா செமின்ஸ்காவுடன் எழுதி 1941இல் வெளியிட்ட நூலில் நீர்மத்தைக் கொண்டு நிகழ்த்திய சோதனை இடம்பெற்றது. அகன்ற குவளையிலுள்ள நீர்மத்தைக் குறுகிய குவளையில் ஊற்றினால் மட்டம் உயர்கிறது. நான்கு அல்லது ஐந்து வயதுக் குழந்தை அளவும் கூடிவிட்டது என்கிறது. ஏழு வயதை ஒட்டிய குழந்தை அளவு மாறவில்லை என உணர்கிறது.

இவ்விருவரின் வேறுபாடு நீரைப் பொறுத்தவரை தெளிவானது. பியாஜேயின் சோதனையில் வினாவை எழுப்பியவர் ஆய்வாளர். ஐசக்ஸின் தோட்டத்தில் குழந்தை. தனக்கு ஆர்வமுள்ள செயலில் ஈடுபடும்போது சிறு குழந்தையும் காரணகாரியத் தொடர்பை உணர்ந்து பேசும் என்று ஐசக்ஸ் வாதிட்டார்.

ஆனால் மால்டிங் ஹவுஸில் பயின்றவர்களுள் பலர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சார்ந்த குடும்பத்தினர். அவர்கள் தூய்மையாக வந்தனரா என்பது அங்கே கல்விச் சிக்கலாக எழவில்லை. டெப்ஃபோர்டில் குழந்தையின் உடலைப் பற்றி வினவப்பட்டது. கேம்பிரிட்ஜில் குழந்தையின் எண்ணத்தைப் பற்றி வினவப்பட்டது. நீர் இரண்டிடத்தும் ஒன்றே. வினாவை வேறுபடுத்தியது குழந்தையின் குடும்பநிலை.

இந்தியச் சூழல்

1939இல் மாண்டிசோரி சென்னை வந்து, அடையாற்றில் சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றி, 1946இல் இந்தியாவை விட்டுச் சென்றார். இதற்கு முன்பே, 1926இல் கிஜுபாய் பதேக்காவும் தாராபாய் மோடக்கும் நூதன் பால் சிக்ஷண் சங்கத்தை நிறுவி மாண்டிசோரியின் கருத்துகளைப் பரப்பி வந்தனர். தாராபாய் 1945இல் போர்டி எனும் கடற்கரைச் சிற்றூரில் அனுதாய் வாக்குடன் பால்வாடியைத் தொடங்கினார். விலைமிக்க கருவிகளுக்கு மாற்றாக உள்ளூரில் கிடைக்கும் எளிய பொருள்கள் பயன்படுத்தப்பட்டன.

நீரைப் பொறுத்தவரை இம்மாற்றம் பொருள் பொதிந்தது. செம்பும் குடமும் கொட்டாங்கச்சியும் இந்திய வீட்டுக் குழந்தைக்குப் புதியன அல்ல. அவற்றைக் கல்விக் கருவிகளாக ஏற்கும்போது வீட்டறிவும் பள்ளியறிவும் ஒன்றையொன்று தொடுகின்றன. குடும்பத்தார் தொலைவிலிருந்து நீர் சுமந்து வருவதைக் காணும் குழந்தைக்கு நீரின் எடையும் அருமையும் முன்னரே தெரியும். அவ்வறிவைக் கணக்கில் கொள்ளாத செயல்பாடு அக்குழந்தைக்கு அந்நியமானது.

முடிவுரை

மழலையர் கல்வி வரலாற்றில் நீர் தூய்மை, ஒழுங்கு, வினவல் என மூன்று பொருள்களைப் பெற்றது. இவற்றுள் பின்னது முன்னதை நீக்கிவிடவில்லை. மூன்றும் இன்றும் அருகருகே நிலவுகின்றன. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகளில் உணவுக்கு முன் கைகழுவும் நேரத்தைத் தூய்மைப் பழக்கமாக மட்டும் கருதுவது டெப்ஃபோர்டு நிலையிலேயே நின்றுவிடுவதாகும். முறைவரிசை, காத்திருத்தல், ஊற்றும் அளவு, நுரை, வழிந்தோடும் திசை என அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே மூன்று பொருள்களும் அடங்கியுள்ளன. இதற்குத் தனிக் கருவிகள் தேவையில்லை. சீரான நீர்வசதியும், வினாவிற்குக் காது கொடுக்கும் நேரமும், சிறிதளவு நீரும் குழந்தைக்கு ஆபத்தாகலாம் என்பதால் கண் அகலாத ஒரு பெரியவரும் தேவை. இம்மூன்றும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கும்போதுதான் டெப்ஃபோர்டு வினாவும் கேம்பிரிட்ஜ் வினாவும் ஒரே குழந்தையை நோக்கிக் கேட்கப்படும்.