சட்டாம்பிள்ளையும் சான்றிதழும்

ஆசிரியராக விரும்புவோர் அரசு ஏற்ற சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என்பது இன்று எவரும் ஐயுறாத விதி. அவ்விதி வந்த வழியைத் தேடிச் சென்றால் அது நம்மைச் சென்னை எழும்பூருக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதை நேயர்களுட் சிலர் வியப்போடு கேட்கக்கூடும்.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயரைச் சான்றிதழ் காட்டும்படி கேட்டவர் இலர். ஊரார் நம்பிக்கையே அவருக்குச் சான்று. அவருக்கு உதவியாக, முன்னே கற்ற மூத்த மாணவன் ஒருவன் இளையோருக்குப் பாடஞ் சொல்லுவான். அவனே சட்டாம்பிள்ளை. அவன் கைப்பிரம்பைப் பற்றிய கதைகள் பல உண்டு. அவை இங்கு வேண்டா.

1789 ஆம் ஆண்டில் எழும்பூர் ஆண் அநாதைகள் காப்பகத்தின் மேற்பார்வையை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், தம் காப்பகத்திலும் அவ்வாறே செய்விக்க முனைந்தார். அங்கிருந்த ஆசிரியர்களோ அதற்கு இணங்கவில்லை. பெல் வாதாடவில்லை, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சம்பளம் வாங்கியவர் மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். 1796 இல் தாயகம் திரும்பிய பெல் மறு ஆண்டே இதனை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றுப் பரவியது.

மலிவான முறை, அதனாலேயே பரவியது என்பது என் கருத்து. பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பித்த கல்வி ஆழமற்றது என்பது நாளடைவில் தெரியவந்தது. ஆகவே 1846 இல் கே ஷட்டில்வொர்த் என்பார் முயற்சியால் புதிய ஏற்பாடு ஒன்று பிறந்தது. பதின்மூன்று வயது நிரம்பிய மாணாக்கர் ஐந்தாண்டுக் காலம் ஆசிரியரிடம் தொழில் பயிலவேண்டும். முதலாண்டில் பத்துப் பவுன் உதவித்தொகை; ஐந்தாமாண்டில் இருபது. நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியர் அவர்களுக்குத் தனியே பாடஞ் சொல்லவேண்டும். பின்னர்த் தேர்வு, பயிற்சிக் கல்லூரி, இறுதியில் அரசுச் சான்றிதழ். சட்டாம்பிள்ளை, சான்றிதழ் பெற்ற ஆசிரியராக உயர்ந்த கதை இதுதான்.

இதற்கு இருபதாண்டு முன்னரே, 1826 இல், சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ நம் உபாத்தியாயர்களின் நிலையை ஆராய்ந்து, அவர்களுட் பெரும்பாலோர் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்று எழுதினார். ஆசிரியர்களைச் சென்னையில் பயிற்றி, ஜில்லாப் பள்ளிகளில் பதினைந்து ரூபாயும் தாசில் பள்ளிகளில் ஒன்பது ரூபாயும் அளிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். பயிற்சியையும் சம்பளத்தையும் அவர் பிரிக்கவில்லை என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். மறு ஆண்டே அவர் மறைந்தார், திட்டமும் தளர்ந்தது.

1854 இல் சர் சார்லஸ் உட்டின் கல்வி மடல் இந்தியாவுக்கு வந்தபோது, இங்கிலாந்தின் மாணாக்க ஆசிரியர் முறையையே நமக்கு முன்மாதிரியாகப் பரிந்துரைத்தது. எழும்பூரிலிருந்து கப்பலேறிய கருத்து, சான்றிதழைக் கையிலேந்தித் திரும்பிவந்தது! 1856 இல் சென்னையில் அரசாங்க நார்மல் பள்ளி தோன்றியது. பிற்காலத்துச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி அதன் வளர்ச்சியே. ஆனால் திண்ணை உபாத்தியாயருக்கு அது நற்செய்தியாக அமையவில்லை. ஊரார் தந்த சான்று அரசாங்கக் கணக்கில் ஏறவில்லை. அவர் மெல்ல மெல்லத் 'தகுதியற்றவர்' வரிசையில் சேர்ந்தார்.

2009 இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபின், 2010 முதல் பயிற்சிச் சான்றிதழோடு தகுதித் தேர்வும் வேண்டும் என்றாயிற்று. நூற்றைம்பது வினாக்கள், பொதுவாக அறுபது விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. எல்லாம் தாளிலேயே முடிந்துவிடும். 1846 இன் விதியிலோ, பயில்வோன் ஒரு வகுப்பை நடத்துவதை ஆய்வாளர் நேரில் வந்து பார்த்தபின்னரே உதவித்தொகை தொடரும்.