கொழும்பு ரூபாயும் நம் ரூபாயும்: பழைய கணக்கேடுகளைப் படிப்பது எப்படி?

தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை பகுதிகளில் உள்ள பல வீடுகளில், கொழும்பு வணிகக் காலத்துக் கணக்கேடுகளும் கடன் சீட்டுகளும் பங்குப் பத்திரங்களும் இன்றும் இருக்கின்றன. சொத்துப் பிரிக்கும்போதும், மறைந்த பெரியவர்களின் கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கும்போதும் இவற்றை நாம் எடுத்துப் பார்க்கிறோம். அப்போது வரும் கேள்வி ஒன்றுதான்: இதில் எழுதியுள்ள ‘ரூபாய்’ எந்த நாட்டு ரூபாய்?

ஏட்டில் உள்ள ஆண்டைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஒரே ரூபாய் இருந்த காலம்

1872 முதல் இலங்கையில் ரூபாயே சட்டப்படியான பணம். அங்கு புழங்கிய வெள்ளி ரூபாய் இந்திய ரூபாய்தான். சில்லறை மட்டும் வேறு. இலங்கையில் ரூபாய்க்கு 100 சதம். இந்தியாவில் 16 அணா. 1885இல் இலங்கை அரசு தன் நோட்டுகளை வெளியிடத் தொடங்கிய பிறகும், மதிப்பு ஒன்றுக்கு ஒன்றாகவே நீடித்தது.

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களுக்கு இது பெரிய வசதி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபங்களுக்கு நம் கரையிலிருந்தும் குளியாளிகள் போனார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுடையது. அதை அங்கேயே விற்றுக் கிடைத்த ரூபாயை, ஊர் திரும்பி அப்படியே கடைத்தெருவில் செலவழிக்க முடிந்தது. தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்கு அனுப்பியவர்களுக்கும் நாணய மாற்று நட்டம் என்ற பேச்சே இல்லை.

1949 செப்டம்பரில் பிரிட்டிஷ் பவுனின் மதிப்பு குறைக்கப்பட்டபோது இரு ரூபாய்களும் சேர்ந்தே இறங்கின. இரண்டும் டாலருக்கு 4.76 என்று நின்றன. 1950இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கியபோது சட்டப்படியான பிணைப்பு முடிந்தது. ஆனாலும் சம மதிப்பு தொடர்ந்தது.

பிரிந்த நாள்: 1966 ஜூன் 6

அன்று இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆகக் குறைத்தது. இலங்கை அப்போது குறைக்கவில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் சமமாக இருந்த இரு ரூபாய்கள் ஒரே நாளில் பிரிந்தன. கொழும்பு ரூபாய் நம் ரூபாயைவிட உயர்ந்தது. 1967 நவம்பரில் இலங்கையும் குறைத்து, டாலருக்கு 5.95 என்று வைத்தது. இந்த இடைவெளி மெல்லக் குறைந்து, 1976இல் இரண்டும் மீண்டும் ஏறக்குறைய சமமாயின.

1977 நவம்பரில் இலங்கை பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, டாலருக்கு சுமார் 16 என்று ஒரே விகிதத்தை அறிவித்தது. அன்று முதல் நம் ரூபாயே மேல். 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் டாலருக்கு சுமார் 200ஆக இருந்த இலங்கை ரூபாய், மே மாதத்திற்குள் 360 அளவுக்குச் சரிந்தது.

கொழும்புக் கடையில் ஒருவருக்கு 10,000 இலங்கை ரூபாய் பங்கு இருந்ததாக வைத்துக்கொள்வோம். அதிகாரபூர்வ டாலர் விகிதப்படி அதன் இந்திய மதிப்பு தோராயமாக:

• 1966 ஜூனுக்கு முன்: 10,000
• 1966 ஜூன் – 1967 நவம்பர்: 15,750
• 1967 நவம்பருக்குப் பின்: 12,600
• 1977 இறுதி: 5,400
• 1991 இறுதி: 6,000
• 2022 மே: 2,200

இவை வங்கி விகிதங்கள் என்பதை மறக்கக் கூடாது. இலங்கையில் 1953ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவில் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்தின. கணக்கில் பணம் இருந்தாலும் அதை ஊருக்குக் கொண்டுவர அனுமதி தேவைப்பட்டது. 1968 முதல் இலங்கையில் இரட்டை விகித முறையும் நடப்பில் இருந்தது. ஆகவே பெரியவர்கள் கையில் உண்மையில் கிடைத்த தொகை இதிலிருந்து மாறியிருக்கலாம்.

ஏட்டைப் பார்க்கும்போது

முதலில் ஆண்டு. 1966 ஜூனுக்கு முந்தையது என்றால், எந்த ரூபாய் என்பதால் அன்றைய மதிப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் அந்தக் கடன் இன்னும் தீராமல் இருந்தால், எந்த நாட்டு ரூபாய் என்பது மிக முக்கியம்.

அடுத்தது சில்லறை. ‘சதம்’ என்றிருந்தால் அது இலங்கைக் கணக்கு. ‘அணா’ என்றிருந்தால் இந்தியக் கணக்கு. இந்தியாவும் 1957 ஏப்ரல் 1 முதல் 100 பைசா முறைக்கு மாறிவிட்டதால், அதன் பிறகு அணா அடையாளம் கிடைக்காது. எழுதப்பட்ட ஊரையும் முத்திரையையும் பார்க்க வேண்டும்.

பழைய கடனை வாங்கிய நாணயத்தின் தொகையிலேயே தீர்ப்பதா, வேறு நாணயத்தில் தருவதானால் எந்த நாள் விகிதம் என்பது மார்க்கச் சட்டம் தொடர்பான கேள்வி. ஏட்டையும் ஆண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வதே நல்லது. வாரிசுகளுக்குள் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் தொகையால் அல்ல. ஒருவர் இந்திய ரூபாயை நினைத்துப் பேச, மற்றவர் இலங்கை ரூபாயை நினைத்துப் பேசுவதால்தான். பங்கு பிரிக்க உட்காரும் முன்பே அதைத் தெளிவாக்கி எழுதி வைத்துக்கொள்வோம்.